கவனக்குறைவு என்றொரு வசதியான சொல்

கட்டட வேலையில் ஒருவருக்கு விரல் போனால், கண்ணில் சில்லு தெறித்தால், கரண்ட் அடித்து ஆளே போய்விட்டால், மறுநாள் எல்லோர் வாயிலும் வருவது ஒரே சொல்தான். கவனக்குறைவு! மேஸ்திரி சொல்வார். வீட்டுக்காரர் சொல்வார். டீக்கடையில் பேப்பர் படிப்பவர் சொல்வார். "பார்த்துச் செய்ய வேணாமாப்பா?" என்று பக்கத்து வீட்டு ஆச்சி வரைக்கும் சொல்லிவிடுவார். அதோடு வழக்கு முடிந்தது. அடிபட்டவன்தான் குற்றவாளி, மற்றவர்கள் எல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போகிற நல்லவர்கள்.

எவ்வளவு வசதியான சொல் என்று பாருங்கள். பணம் போட்டவர், கான்ட்ராக்ட் எடுத்தவர், பிளானில் கையெழுத்துப் போட்ட இன்ஜினியர், மிஷினை வாடகைக்கு விட்டவர் என்று நாலு பேர் இருக்கிற இடத்தில், நாலு பேரையும் ஒரே சொல்லில் வெளியே அனுப்பிவிடுகிறது. உள்ளே மிச்சம் இருப்பது ஒரு தினக்கூலிக்காரர் மட்டும். காரைக்குடிப் பக்கம் வேலை நடக்கிற இடங்களில் இந்தச் சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம்.

காரைக்குடியைச் சுற்றி இப்போது மூன்று விதமான வேலை நடக்கிறது. கானாடுகாத்தான் மாதிரி ஊர்களில் பழைய வீடுகளை ஹோட்டலாக மாற்றுகிறார்கள், ஏ.சி.க்கும் பாத்ரூமுக்கும் குழாய் கொண்டுபோக, முட்டையும் சுண்ணாம்பும் கலந்து பூசிய சுவரில் கட்டர் வைத்துக் கோடு கிழிக்கிறார்கள். பங்காளிகள் ஒத்துப்போகாத வீடுகளை இடித்து, பர்மா தேக்குத் தூணையும் நிலையையும் தனித்தனியாக அறுத்து விற்கிறார்கள். மூன்றாவது, ஊருக்கு வெளியே பிளாட் போட்ட இடங்களில் எழும்புகிற புது வீடுகள். 2024ல் காரைக்குடி மாநகராட்சி ஆன பிறகு சொல்லவே வேண்டாம். மூன்றிலும் உளியும் சுத்தியலும் செய்த வேலையில் பாதியை இன்று மிஷின் செய்கிறது. கட்டிங் மிஷின், டிரில்லிங் மிஷின், பிரேக்கர், மார்பிள் கட்டர். வேலை நடக்கிற இடத்தில் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் 'மிஷின்'.

இதில் அதிகம் கை மாறுவது ஆங்கிள் கிரைண்டர். (கிரைண்டர் என்றதும் மாவாட்டுகிற கிரைண்டர் ஞாபகம் வந்தால் அது ரொம்பச் சாது!) நாலு அங்குல பிளேடு போடுகிற சாதாரண கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்றுச் சுற்றும். கணக்குப் போட்டால் பிளேடின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. காரைக்குடியிலிருந்து கிளம்புகிற பல்லவன் எக்ஸ்பிரஸ் தன் உச்ச வேகத்திலும் இதன் பக்கத்தில் வர முடியாது. அப்படி ஓடுகிற ஒன்று மனிதனின் வயிற்றுக்கும் முகத்துக்கும் நடுவே, கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதனால்தான் கம்பெனிக்காரன் பிளேடின் மேல் பாதியை மூடி ஒரு இரும்புக் கவசம் வைத்து அனுப்புகிறான். பிளேடு உடைந்தால் சில்லு ஆள் பக்கம் வராமல் அடுத்த பக்கம் போக வேண்டும் என்பதற்காக.

வேலை நடக்கிற இடத்துக்குப் போய்ப் பாருங்கள். அந்தக் கவசம் இருக்கவே இருக்காது. எங்கே என்று கேட்டால், "அது இருந்தா பெரிய பிளேடு உள்ள போகாதுங்க" என்பார்கள். உண்மை. நாலு அங்குல மிஷினில் ஐந்து அங்குலம் போடுவார்கள். துணிந்தவர்கள் ஓட்டைக்கு வளையம் வைத்து ஏழு அங்குலமே போட்டுவிடுவார்கள். ஏழு அங்குல வெட்டு பிளேடு நிமிடத்துக்குச் சுமார் 8,500 சுற்றுக்கு மேல் தாங்காது. அது பிளேடிலேயே அச்சடித்திருக்கும். அதை 11,000 சுற்றும் மிஷினில் மாட்டினால் விளிம்பு மணிக்கு 370 கிலோமீட்டரைத் தொடும். அது தாங்கும் வேகம் 288. இதற்குப் பிறகு பிளேடு வெடிப்பதும் வெடிக்காததும் கையில் பிடித்திருப்பவரின் கவனத்தில் இல்லை. அவர் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாலும் வெடிக்கும். சொல்லப்போனால் கண்ணிமைக்காமல் பார்ப்பவருக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி.

ஏன் பெரிய பிளேடு? ஏழு அங்குல மிஷின் தனியாக வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டும், அதற்குக் காசு வேண்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முடித்த பிறகு அந்தக் காசு யார் பையிலிருந்து வரும்? லேபர் கான்ட்ராக்ட் எடுத்தவர் தர மாட்டார், வீட்டுக்காரர் அதெல்லாம் ரேட்டில் அடக்கம் என்பார். ஆக, கவசத்தைக் கழற்றியது ஸ்பேனர் பிடித்த கை என்றாலும், கழற்ற வைத்தது ரேட் பேசிய வாய்.

தேக்கு அறுக்கிற இடம் இன்னும் மோசம். மரம் அறுக்கிற பல் பிளேடை ஆங்கிள் கிரைண்டரில் மாட்டி அறுப்பது சாதாரண வழக்கமாகிவிட்டது. அந்த மிஷின் அதற்காகச் செய்ததே இல்லை. பல் மரத்தில் சிக்கினால் மிஷின் பின்னோக்கித் துள்ளும். ஆளின் கை அதைப் பிடித்து நிறுத்துவதற்குள் தொடைக்கோ கழுத்துக்கோ வந்திருக்கும். செட்டிநாட்டுப் பழைய மரத்தில் கூடுதலாக ஒரு விஷயம் உண்டு. உத்தரத்திலும் நிலையிலும் எந்தக் காலத்திலோ அடித்த ஆணி தலை தெரியாமல் உள்ளே புதைந்து கிடக்கும். மேலே பளபளவென்று வார்னிஷ். உள்ளே ஆணி இருப்பது அறுக்கிறவருக்கு பிளேடு பட்ட பிறகுதான் தெரியும். அறுப்பதற்கு முன் ஆணி தேடச் சொல்லி, அதற்கு அரை நாள் கூலி கொடுக்கிற வியாபாரி இருந்தால் அவருக்குச் சிலையே வைக்கலாம்.

அடுத்து கரண்ட். புது வீடு கட்டுகிறவர்கள் மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்க வேண்டும். வீட்டு இணைப்பை விட அதற்குக் கட்டணம் அதிகம். அதனால் பல இடங்களில் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக ஒரு ஒயர் வரும். இடையில் மூன்று இடத்தில் முறுக்கி டேப் சுற்றியிருக்கும். முனையில் பிளக் இருக்காது. இரண்டு ஒயரையும் சீவி, சாக்கெட்டில் சொருகி, தீக்குச்சி வைத்து இறுக்கியிருப்பார்கள். இந்தத் தீக்குச்சி தொழில்நுட்பத்துக்கு யாராவது காப்புரிமை வாங்கியிருந்தால் இந்நேரம் அம்பானி ஆகியிருப்பார்! ஒயர் கிடக்கிற தரையோ கான்கிரீட்டுக்கு அடித்த தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும். அதன் மேல் செருப்பில்லாத கால்கள்.

"பக்கத்து வீட்டில் எம்.சி.பி. இருக்கே, ஷாக் அடித்தால் அது விழாதா?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். விழாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது, ஆளைக் காப்பாற்ற இல்லை. மனிதனின் இதயத்தை நிறுத்த ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே தாராளம். அது எம்.சி.பி.க்குக் கொசுக்கடி மாதிரி. ஆளைக் காப்பாற்ற வேறு கருவி இருக்கிறது: ஆர்.சி.சி.பி. (எலக்ட்ரீஷியன்கள் பழைய பழக்கத்தில் ஈ.எல்.சி.பி. என்பார்கள்). போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லிஆம்பியர் குறைந்தால், அதாவது அந்த அளவு யார் உடம்பு வழியாகவோ தரைக்குப் போனால், 0.3 வினாடிக்குள் துண்டித்துவிடும். விலை இரண்டாயிரம் ரூபாய் அளவில். ஒரு வேலை முடிந்ததும் கழற்றி அடுத்த வேலைக்கு எடுத்துப் போகலாம். இதை மாட்டாமல் விட்டது எந்தத் தொழிலாளியின் கவனக்குறைவு?

பிரிட்டனில் கட்டட வேலைக்கு மஞ்சள் நிற டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வைத்து, கை மிஷின்களை 110 வோல்ட்டில் ஓட்டுகிறார்கள். அதிலும் நடுவில் எர்த் செய்திருப்பதால் தரைக்கு அடித்தால் 55 வோல்ட்தான் அடிக்கும். அங்கேயும் ஆட்கள் மறதியாக இருப்பார்கள், தூக்கக் கலக்கத்தில் வருவார்கள் என்று தெரிந்துதான் அப்படிச் செய்தார்கள். மனிதன் தவறுவான் என்று முன்கூட்டியே ஒத்துக்கொண்டு அதற்கேற்ப ஏற்பாடு செய்வதுதான் இன்ஜினியரிங். தவறாதே என்று போர்டு எழுதி வைக்க இன்ஜினியர் எதற்கு, பெயின்டர் போதுமே?

யாரும் பேசாத இன்னொன்று உண்டு. பவர் கட். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது. ஆள் மிஷினை அப்படியே கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார். சுவிட்ச் தள்ளிய நிலையிலேயே இருக்கிறது. கரண்ட் வந்ததும் மிஷின் தானாகச் சுற்றி, தரையில் துள்ளி ஓடும். அந்த நேரம் பிளேடு மாற்றலாம் என்று ஒருவர் கையில் எடுத்திருந்தால் முடிந்தது கதை. கரண்ட் திரும்பினாலும் தானாக ஓடாத மிஷின்கள் சந்தையில் இருக்கின்றன. கையை எடுத்தால் நின்றுவிடுகிற சுவிட்சும் இருக்கிறது. விலை கொஞ்சம் கூட. மலிவான மாடலே போதும் என்று முடிவு செய்தவர் அந்த நேரத்தில் அங்கே இருக்கமாட்டார்.

தூசிக்கு வருவோம். ஆத்தங்குடி டைல்ஸ் செய்கிற முறை பலருக்குத் தெரிந்திருக்கும். கண்ணாடி மேல் அச்சு வைத்து, சாயம் கலந்த சிமென்ட்டை ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். சூளை கிடையாது. கையால் செய்த அந்தக் கல்லின் மேல் வேகமான பிளேடு படுவது பதிக்கும்போதுதான், சுவர் ஓரத்துக்குத் துண்டு போடுகையில். உள்ளே இருக்கும் மணல் அப்போது கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா தூளாகிப் பறக்கிறது. அது நுரையீரலில் போய் உட்கார்ந்தால் சிலிக்கோசிஸ். வந்தால் குணமாக்க மருந்து கிடையாது. முகத்தில் கட்டுகிற துண்டு இந்தத் தூளைத் தடுக்காது. கிச்சன் மேடைக்கு இப்போது ஃபேஷனாகிவிட்ட குவார்ட்ஸ் பலகையில் சிலிக்கா இன்னும் அதிகம். அதை வெட்டிய தொழிலாளர்கள் இளவயதிலேயே நுரையீரல் போய் விழுந்ததைப் பார்த்து, 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா அந்தப் பலகையையே தடை செய்துவிட்டது. ஆஸ்திரேலியத் தொழிலாளிக்குக் கவனம் போதவில்லை என்று அந்த அரசாங்கம் சொல்லவில்லை பாருங்கள்.

தண்ணீர் விட்டு வெட்டினால் தூசி பெரும்பாலும் அடங்கிவிடும். ஏன் விடுவதில்லை? ஷாக் அடிக்கும் என்ற பயம். நியாயமான பயம்! தீக்குச்சி சொருகிய ஒயரோடு தண்ணீர் விட்டு வெட்ட யாருக்குத் தைரியம் வரும்? ஆக ஆர்.சி.சி.பி. இல்லாத இடத்தில் தொழிலாளிக்கு இரண்டு வழிதான்: இன்றைக்கு ஷாக், அல்லது இருபது வருடம் கழித்து நுரையீரல். அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறார். இதை முட்டாள்தனம் என்று சொல்ல முடியுமா? அவருக்குக் கொடுத்த கணக்கில் அவர் போட்ட விடை சரிதான். கணக்கைக் கொடுத்தவர்தான் தப்பு.

"நம்மாளுங்களுக்கு ஒழுங்கே வராது, அது பிறவிக்குணம்" என்கிற வாதம் ஒன்று இருக்கிறது. இதை உடைக்க வெளியில் தேட வேண்டாம், சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் மாவட்டங்களிலேயே ஊருக்கு ஊர் சாட்சிகள் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துத் திரும்பியவர்கள். அங்கே வேலைக்குள் காலடி வைக்கும் முன் பாதுகாப்பு வகுப்பு. அது தமிழிலும் நடக்கிறது. ஹெல்மெட், பூட்ஸ், கண்ணாடி இல்லாமல் கேட்டுக்குள் விடமாட்டார்கள். அதே ஆள் ஊருக்கு வந்து காரைக்குடியில் வேலைக்குப் போகும்போது லுங்கியைக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு கவசமில்லாத மிஷினைப் பிடிக்கிறார். ஆள் அவரேதான், கையும் அவர் கைதான். விமானத்தில் வரும்போது பிறவிக்குணம் மாறிவிட்டதா?

சிங்கப்பூரும் ஒரே நாளில் திருந்தவில்லை. 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் ஹைவேயில், மெட்ரோ ரயிலுக்குத் தோண்டிய பள்ளம் சரிந்து 4 பேர் செத்தார்கள். 2006ல் புதுச் சட்டம் வந்தது. அபாயத்தை யார் உண்டாக்குகிறார்களோ அவர்கள்தான் அதைக் குறைக்கவும் பொறுப்பு என்பது அதன் அடிப்படை. 2004ல் லட்சம் தொழிலாளர்களுக்கு 4.9 என்று இருந்த பணியிட மரணம் 2023ல் 0.99 ஆனது. (அங்கே எல்லாம் சொர்க்கம் என்று அர்த்தமில்லை. ஆட்களை லாரியின் பின்பக்கம் ஏற்றிப் போகிற வழக்கத்தை எதிர்த்து அங்கேயும் குரல் வந்துகொண்டுதான் இருக்கிறது.) தொழிலாளியின் தலையில் எழுதியிருந்ததை யாரும் மாற்றவில்லை. முதலாளியின் தலையில் பொறுப்பை எழுதினார்கள், அவ்வளவுதான்.

இந்தியச் சட்டம் என்ன எழுதியது? 1996ல் கட்டடத் தொழிலாளர்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. கண்ணாடி, ஹெல்மெட், மிஷினுக்குக் கவசம் எல்லாம் விதிகளில் இருந்தன. ஆனால் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கிற இடத்துக்கு அது பொருந்தாது. சொந்த வீடாக இருந்து செலவு 10 லட்சத்துக்குள் இருந்தாலும் பொருந்தாது. 2025 நவம்பர் 21 முதல் அந்த இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. பத்துப் பேர் என்பது அப்படியே இருக்கிறது. சொந்த வீட்டுக்கு 10 லட்சம் என்றிருந்தது 50 லட்சம் ஆகிவிட்டது! ஒரு கொத்தனார், இரண்டு சித்தாள், ஒரு எலக்ட்ரீஷியன், ஒரு டைல்ஸ்காரர் என்று நடக்கிற வீட்டு வேலையெல்லாம், அதாவது காரைக்குடியில் நடக்கிற வேலையில் பெரும்பகுதி, வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. விலைவாசி ஏறிவிட்டது, அதனால் தொகையும் ஏறியது என்று விளக்கம் சொல்வார்கள். மிஷினின் வேகம் வீட்டின் மதிப்பைப் பார்த்துக் குறைவதில்லையே?

விரல் போன பிறகு மட்டும் சட்டம் ரொம்பத் துல்லியமாக இருந்தது. 1923ஆம் வருட இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீதம் போனதாகக் கணக்கு. ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ 7. கசாப்புக் கடையில் கூட இவ்வளவு பிரித்து விலை எழுத மாட்டார்கள். அதையும் வாங்க, இன்னாரிடம் வேலை பார்த்தேன் என்று நிரூபிக்க வேண்டும். மஸ்டர் ரோல் இல்லாத, கைச்சீட்டு கூட இல்லாத வேலையில் அதை எப்படி நிரூபிப்பது? வீட்டுக்காரர் மேஸ்திரியைக் காட்டுவார், மேஸ்திரி வீட்டுக்காரரைக் காட்டுவார். இரண்டு பேரும் சேர்ந்து காட்டுவது ஒரே திசையைத்தான்: கவனக்குறைவு.

"கண்ணாடி வாங்கிக் கொடுத்தாலும் போட மாட்டேங்கறாங்க" என்று நல்ல கான்ட்ராக்டர்களே அலுத்துக்கொள்வதுண்டு. அதில் உண்மை இருக்கிறது; மறைக்க வேண்டாம். சித்திரை வெயிலில், காற்றுப் புகாத மட்டமான பிளாஸ்டிக் கண்ணாடி பத்து நிமிடத்தில் ஆவி படிந்து ஒன்றும் தெரியாமல் போகும். பிளேடு தெரியாமல் அறுப்பதை விடக் கழற்றுவதே மேல் என்று கழற்றிவிடுகிறார்கள். கொஞ்சம் காற்றோட்டமுள்ள நல்ல கண்ணாடி வாங்க வேண்டும், அடிக்கடி துடைக்க நேரம் கொடுக்க வேண்டும், சதுர அடி ரேட்டில் அந்த நேரத்தைச் சேர்க்க வேண்டும். கையுறையும் அப்படித்தான். தொளதொளவென்ற துணிக் கையுறையைச் சுற்றுகிற பிளேடு பக்கத்தில் போட்டால் பிளேடு கையுறையோடு கையையும் சேர்த்து இழுக்கும். தோளில் தொங்குகிற துண்டும், சித்தாளின் முந்தானையும் அப்படியே. எதைப் போட வேண்டும், எதைப் போடவே கூடாது என்று சொல்லித் தர ஒருவர் வேண்டும். ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரத்துக்கும் கூலி உண்டு என்றால் எல்லோரும் உட்கார்ந்து கேட்பார்கள்.

அந்த ஒருவர் யார்? காரைக்குடியில் ஆள் பஞ்சமா? அழகப்ப செட்டியார் பெயரில் இன்ஜினியரிங் கல்லூரி 1952லிருந்து இருக்கிறது. மின்வேதியியலுக்கென்று மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் 1953ல் திறந்தது. பாலிடெக்னிக் இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது. இத்தனையையும் தாண்டி நாலு தெரு போனால் சாக்கெட்டில் தீக்குச்சி. சிவில் படிக்கிறவர்களுக்குக் கான்கிரீட் எத்தனை நாளில் எவ்வளவு பலம் பெறும் என்று தலைகீழாகத் தெரியும். அந்த கான்கிரீட்டை வெட்டுகிற பிளேடு எத்தனை சுற்றுத் தாங்கும் என்று கேட்டால் எத்தனை பேருக்கு விடை தெரியும்? எலெக்ட்ரிகல் படிக்கிறவர்கள் ஆர்.சி.சி.பி.யின் படத்தைப் பரீட்சையில் வரைகிறார்கள், வீடு கட்டுகிற சித்தப்பாவிடம் அதை வாங்கச் சொல்வதில்லை. நாளைக்கு இவர்கள்தான் எஸ்டிமேட் போடப் போகிறார்கள்.

எஸ்டிமேட் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு வீடு கட்டும் செலவுக் கணக்கைப் பார்த்தால் வாஸ்து பூஜைக்குத் தொகை இருக்கும். நிலை வைக்கிற நாளில் கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் வேட்டி துண்டு இருக்கும். முகப்பில் கட்ட நாக்கை நீட்டிய திருஷ்டி பொம்மையும் பூசணிக்காயும் இருக்கும். ஆயுத பூஜைக்கு அதே கவசமில்லாத மிஷினுக்குச் சந்தனம், குங்குமம், பூ, ஒரு எலுமிச்சம்பழம். இதையெல்லாம் யாரும் குறைக்கச் சொல்லவில்லை; நம்பிக்கை அவரவர் விஷயம். அதே தாளில் ஆர்.சி.சி.பி. ஒன்று, பிளக் வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று, கண்ணாடி நாலு, தூசி மாஸ்க் ஒரு பெட்டி, சரியான அளவு மிஷினுக்கு வாடகை என்று ஐந்து வரி எழுத இடம் இருக்கிறது. 30 லட்சம் ரூபாய் வீட்டில் இந்த ஐந்து வரியின் கூட்டுத்தொகை, ஹாலுக்கு வாங்குகிற சரவிளக்கின் விலையைத் தாண்டாது.